என்.பி.ஏ. வீரர்கள் செய்தால் ரசிக்கிறோம், என் மகள் செய்தால் தவறா?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கூடைப்பந்து அணியில் நன்றாக ஆடுபவள். என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்களைப் பார்ப்பவள். சென்ற மாதம் மாவட்ட அளவிலான ஓர் ஆட்டத்தில், தன்னைத் தடுக்க நின்ற குள்ளமான பெண்ணைத் தாண்டிப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் குனிந்து, உள்ளங்கையைத் தரைவரை தாழ்த்தி, ‘நீ இவ்வளவுதான்’ என்பதுபோல் சைகை காட்டினாள். நடுவர் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார். ஆட்டத்தில் எங்கள் பள்ளி வென்றாலும், பி.இ.டி. சார் அடுத்த ஆட்டத்தில் அவளைக் களமிறக்கவில்லை. ‘என்.பி.ஏ.வில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், ஸ்டீஃப் கரி செய்தால் கைதட்டுகிறீர்கள்’ என்று இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டாள். என் மாமனார், ‘பெண் பிள்ளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது, விளையாட்டை நிறுத்து’ என்கிறார். எனக்குக் கூடைப்பந்து தெரியாது. கண்டித்தால் அவள் தன்னம்பிக்கை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அந்த ஆட்டங்களைப் பார்க்க விடாமல் தடுக்க வேண்டுமா? — ஒரு தாய், திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். பல ஆண்டுகள் கூடைப்பந்து நடுவராக இருந்து, இப்போது இளம் நடுவர்களுக்கும் பள்ளி அணிகளுக்கும் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவர் கொடுத்த டெக்னிக்கல் ஃபவுல், அதாவது உடல் மோதலுக்காக அல்லாமல் நடத்தைக்காகத் தரும் தண்டனை, சரியானது. ஆசிரியர் ஓர் ஆட்டம் உட்கார வைத்ததும் சரியே. ஆனால் அந்தத் தண்டனை ஓர் ஆட்டத்தோடு முடிந்துவிட வேண்டும். விளையாட்டை நிறுத்தவும் வேண்டாம், என்.பி.ஏ. பார்ப்பதைத் தடுக்கவும் வேண்டாம். இவ்வளவையும் ஒரே வரியில் அவளிடம் சொன்னால் அவள் ஏற்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவள் வைக்கும் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல, அவள் பார்க்கும் அந்த ஆட்டத்தைப் பற்றியே உங்களுக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

‘அங்கே எல்லாரும் செய்கிறார்கள்’ என்பதிலிருந்து தொடங்குவோம். செய்கிறார்கள்தான்; ஆனால் அதற்கு அங்கே விலை உண்டு. எதிரணி வீரரைச் சீண்டுவது என்.பி.ஏ. விதிகளின்படியும் டெக்னிக்கல் ஃபவுல்தான். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு, கிடைக்கும். விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தைக்காக ஒரே ஆட்டத்தில் இரண்டு வாங்கினால் அரங்கை விட்டே வெளியேற வேண்டும். ஒரு பருவத்தில் வாங்கும் முதல் ஐந்து டெக்னிக்கல் ஃபவுல்களுக்குத் தலா 2,000 டாலர் அபராதம். அதன்பின் தொகை படிப்படியாக ஏறும். 16 ஆகிவிட்டால் ஓர் ஆட்டம் தடை. நடுவர் கவனிக்காமல் விட்டாலும், ஒளிப்பதிவைப் பார்த்து லீக் நிர்வாகம் பின்னர் நடவடிக்கை எடுக்கும். மெம்ஃபிஸ் அணியின் ஜா மொரான்ட் துப்பாக்கி சுடுவதுபோல் சைகை காட்டியதற்கு, முதலில் எச்சரிக்கை விட்டார்கள். அவர் திரும்பவும் செய்ததால் 2025 ஏப்ரலில் 75,000 டாலர் அபராதம் விதித்தார்கள். உங்கள் மகள் கைப்பேசியில் பார்க்கும் பதினைந்து வினாடிக் காட்சித் துண்டில் சைகை மட்டும்தான் இருக்கும். அபராத அறிவிப்பு இருக்காது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள டிக்கெம்பே முட்டோம்போவின் கதையைவிடச் சிறந்த பாடம் இல்லை. காங்கோவிலிருந்து அமெரிக்கா சென்ற, ஏழடிக்கும் மேல் உயரமுள்ள இந்தத் தடுப்பாட்டக்காரர், சிறந்த தடுப்பு வீரர் விருதை நான்கு முறை வென்றவர். எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிட்டதும் ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஆட்டி, ‘என் வீட்டில் இது நடக்காது’ என்பதுபோல் காட்டுவார். அதுவே அவர் முத்திரை ஆகிவிட்டது. 1990களின் பிற்பகுதியில் லீக் இதைச் சீண்டல் என்று தீர்மானித்தது. ஆனால் விரலாட்டுவதை அது முழுவதுமாகத் தடை செய்யவில்லை. எதிராளியின் முகத்துக்கு நேரே ஆட்டினால் டெக்னிக்கல் ஃபவுல், ரசிகர்களைப் பார்த்து ஆட்டினால் குற்றமில்லை என்று ஆனது. முட்டோம்போவும் அதன்பின் பந்தைத் தட்டிவிட்டு, அரங்கின் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே விரலை ஆட்டத் தொடங்கினார். அதே விரல்தான், அதே குறும்புதான்; உடல் திரும்பிய கோணம் மட்டும் மாறியது. இதே மனிதர்தான் கின்ஷாசாவில் தம் தாயின் பெயரில் ஒரு மருத்துவமனையைக் கட்டினார். சமூகத் தொண்டுக்காக லீக் வழங்கும் விருதை இருமுறை பெற்றார். 2024 செப்டம்பரில் அவர் இறந்தபோது உலகெங்கும் ரசிகர்கள் அந்த விரலாட்டலைச் செய்துதான் அஞ்சலி செலுத்தினார்கள். அவரை யாரும் திமிர் பிடித்தவர் என்று நினைவுகூரவில்லை.

நடுவராக நாங்கள் பார்ப்பதும் இதைத்தான். பந்து வலைக்குள் விழுந்ததும் அரங்கிலுள்ள அனைவரும் கூடையைப் போட்டவரைப் பார்ப்பார்கள். அந்த நொடியில் ஒரு நடுவராவது போட்டவரையும் தடுத்தவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நான் பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. போட்டவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, தடுத்தவர் கீழே கிடக்கிறாரா, இருவருக்கும் இடையே ஓர் அடி இருக்கிறதா ஐந்தடி இருக்கிறதா, அது ஒரு நொடியில் முடிகிறதா அல்லது நின்று நிதானமாகப் பார்க்கிறாரா என்பதை வைத்துத்தான் விசிலை வாயில் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்போம். மகிழ்ச்சியில் கத்துவதற்கும் மார்பில் தட்டிக்கொள்வதற்கும் தன் பெஞ்சைப் பார்த்து ஓடுவதற்கும் நான் விசில் அடித்ததில்லை; என்னிடம் பயின்றவர்கள் அடித்தாலும் ஏற்கமாட்டேன். உங்கள் மகள் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் அந்த நடுவருக்கு யோசிக்க எதுவும் இருந்திருக்காது.

இனி, என்.பி.ஏ.வின் நட்சத்திர வீரர் ஸ்டீஃபன் கரி. உங்கள் மகள் அவரை எடுத்துக்காட்டியது எனக்கு மகிழ்ச்சியே. ஏனென்றால் அவள் தரப்புக்கும் என் தரப்புக்கும் ஒரே சாட்சி அவர்தான். என்.பி.ஏ.வில் ஆண்டுதோறும் விளையாட்டுப் பண்புக்காக ஒரு விருது உண்டு. அதை வெல்பவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சக வீரர்களே. 2011-இல் அந்த விருதை வென்றவர் கரி. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, ‘தூங்கப் போங்கள்’ என்று காட்டும் சைகையை 2022 பிளே-ஆஃப் (வாகையர் யார் என்று முடிவுசெய்யும் இறுதிக்கட்ட) ஆட்டங்களில் பிரபலமாக்கியவரும் அவரே. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், பிரான்ஸ் நெருங்கி வந்துகொண்டிருந்த கடைசி மூன்று நிமிடங்களில் தலா மூன்று புள்ளி தரும் தொலைதூர எறிதல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அமெரிக்காவை 98–87 என்று வெல்ல வைத்துவிட்டு, பிரெஞ்சு ரசிகர்கள் நிறைந்த அரங்கில் அதே சைகையைக் காட்டினார். அந்த ஆட்டம் நடந்தது உங்கள் மகளின் பள்ளி ஆட்டங்களுக்கும் பொருந்தும் அதே சர்வதேச விதிகளின் கீழ்தான். யாரும் அவருக்கு ஃபவுல் கொடுக்கவில்லை. அந்தக் காட்சியை அவளோடு உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தம்மைத் தடுத்தவரின் முகத்தருகே அவர் போகவில்லை. அவர் விளையாட்டுக் காட்டியது அரங்கத்துக்கு.

அதே கரி எல்லை மீறியதும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவளே இணையத்தில் தேடி எடுத்து என் வாயை அடைத்துவிடுவாள். 2016 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஆறாவது ஃபவுல் வாங்கி ஆத்திரமடைந்த அவர், வாய்க்கவசத்தை எறிய, அது பக்கத்தில் அமர்ந்திருந்த ரசிகர்மேல் பட்டது. உடனே வெளியேற்றப்பட்டார்; 25,000 டாலர் அபராதமும் கட்டினார். விளையாட்டுப் பண்பு விருது வாங்கியவர் என்பதால் நடுவர்கள் சலுகை காட்டவில்லை.

விருதைப் பற்றிப் பேசும்போது அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். ஜோ டூமார்ஸ் என்பவர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் ஆடியவர். அந்த அணிக்கு அக்காலத்தில் ‘பேட் பாய்ஸ்’ என்றே பெயர். முழங்கையால் இடிப்பதும், காற்றில் எழும்பியவரைத் தள்ளிவிடுவதும், வாய்ச் சண்டையும் அவர்களுடைய அன்றாட ஆட்டமுறை. 1989, 1990 ஆண்டுகளில் அடுத்தடுத்து வாகை சூடிய அந்த அணி, 1991 மே மாதம் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் அணியிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. கடைசி ஆட்டம் முடிய 7.9 வினாடிகள் இருக்கும்போதே ஐசையா தாமஸும் பில் லாம்பீரும் உள்ளிட்ட பலர் எழுந்து, சிகாகோ பெஞ்சைக் கடந்து, வென்றவர்களுக்குக் கை கொடுக்காமல் ஓய்வறைக்குப் போய்விட்டார்கள். 1988-இல் பாஸ்டன் அணியினர் தங்களிடம் தோற்றபோதும் இப்படித்தான் போனார்கள் என்று தாமஸ் பின்னாளில் சமாதானம் சொன்னார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த நடை அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே அணியில், அதே தோல்வியைச் சுமந்துகொண்டு, நின்று கை கொடுத்துவிட்டுப் போனவர்களில் டூமார்ஸ் ஒருவர். ஜோர்டனை மிகக் கடுமையாகத் தடுத்து ஆடியவர்களில் முதன்மையானவர் என்று ஜோர்டனாலேயே பாராட்டப்பட்டவர் அவர். ஆக, மென்மையாக ஆடியவருக்கு அந்த விருதில் இடம் கொடுத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1996-இல் முதன்முதலாக அந்த விருது வழங்கப்பட்டபோது பெற்றவரும் டூமார்ஸே; பின்னர் கோப்பைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

இப்போது உங்கள் மகள், ‘அப்படியானால் ஐவர்சன்?’ என்று கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். 2001 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பிலடெல்ஃபியாவின் ஆலன் ஐவர்சன் கூடுதல் நேரத்தில் ஒரு கூடையைப் போட்டார். அவரைத் தடுக்க வந்த லேக்கர்ஸ் வீரர் டைரன் லூ தரையில் விழுந்து கிடக்க, ஐவர்சன் அவரை ஒரு பார்வை பார்த்து, காலை உயரத் தூக்கி, அவர்மேல் தாண்டிச் சென்றார். என்.பி.ஏ. வரலாற்றில் அதிகம் பகிரப்பட்ட காட்சிகளில் அதுவும் ஒன்று. விசில் ஊதப்படவில்லை. அன்று ஐவர்சன் 48 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பிளே-ஆஃப் முழுவதும் தோல்வியே காணாமல் வந்திருந்த லேக்கர்ஸ் 107–101 என்று தோற்றது. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்திருப்பேன். கொடுத்திருந்தால் ரசிகர்கள் என்னை இன்றுவரை திட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும். அந்தக் காட்சியில் ஓர் அழகு இருக்கிறது என்பதை மறுத்தால் நான் பொய் சொல்பவனாவேன்: ஆறடிக்கு மேல் போகாத ஒருவர், யாரும் வெல்ல முடியாது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அணியை அதன் அரங்கிலேயே வைத்து மடக்கிய நொடி அது. ஆனால் காட்சித் துண்டு அதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த நான்கு ஆட்டங்களையும் வரிசையாக வென்று கோப்பையை எடுத்துச் சென்றது லேக்கர்ஸ். கீழே கிடந்த லூ அன்று வாகை சூடிய அணியின் வீரர். 2016-இல் கிளீவ்லேண்ட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தும் அவர் வாகை சூடினார். ஐவர்சனுக்கு அந்தக் கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை.

டேமியன் லில்லார்டின் கதை இன்னும் சிக்கலானது. 2019 ஏப்ரலில் போர்ட்லாந்து அணிக்காக ஆடிய அவர், 37 அடித் தொலைவிலிருந்து எறிந்து, ஆட்டத்தையும் தொடரையும் ஒரே எறிதலில் முடித்துவிட்டு, ஒக்லஹோமா அணியினரைப் பார்த்துக் கையசைத்து விடைகொடுத்தார். தனியாக எடுத்துப் பார்த்தால் அது எகத்தாளம். ஆனால் அதற்கு முந்தைய ஆட்டங்களில் அந்த அணியினர்தான், தன் மணிக்கட்டைத் தட்டி ‘இது என் நேரம்’ என்று காட்டும் அவருடைய முத்திரைச் சைகையையே செய்து காட்டி அவரை நக்கல் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தவர், கடைசியில் ஒரு கையசைப்பில் கணக்கைத் தீர்த்தார். அதை நான் மன்னித்துவிடுவேன். உங்கள் மகளின் எதிரே நின்ற பெண் அவளை ஏதாவது செய்தாளா, சொன்னாளா என்று கேட்டுப் பாருங்கள். செய்திருந்தாலும் ஃபவுல் ஃபவுல்தான். ஆனால் நீங்கள் அவளிடம் பேசும் விதம் அதைப் பொறுத்து மாற வேண்டும்.

முன்கூட்டியே கொண்டாடுவதால் நேரும் சங்கடத்துக்கு 2025 மே மாதத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. இதை அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். நியூயார்க்குக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடியில் இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, மேலே எகிறி, உள்ளே விழுந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்து, ‘பதற்றத்தில் திணறிவிட்டீர்கள்’ என்று பொருள்படும், கழுத்தைப் பிடிக்கும் சைகையைக் காட்டிக்கொண்டு ஓடினார். அதே சைகையை 1994-இல் அதே அரங்கில் காட்டிய இண்டியானாவின் முன்னாள் வீரர் ரெஜி மில்லர் அன்று வர்ணனையாளராகப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். மறு ஒளிபரப்பில் பார்த்தால் அவர் கால் மூன்று புள்ளிக் கோட்டின்மேல் இருந்தது. மூன்று புள்ளி இல்லை, இரண்டுதான். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. இண்டியானா எப்படியோ வென்றதால் அது சிரிப்போடு போனது. தோற்றிருந்தால் அந்தக் கழுத்துப் பிடி அவரை வாழ்நாள் முழுதும் விட்டிருக்காது.

ஆனால் இவை எல்லாமே தொழில்முறை வீரர்களின் கதைகள் என்பதை மறக்கக் கூடாது. காட்சி காட்டுவது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. லீக் தோன்றுவதற்கு முன்பிருந்தே, ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கறுப்பின வீரர்களின் அணி, பந்தை விரல் நுனியில் சுழற்றியும் கால்களுக்கிடையே செலுத்தியும் ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்தது. வெறும் கோமாளிக் கூட்டம் என்று நினைத்தவர்களுக்கு 1948-இல் அன்றைய வலுவான மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 61–59 என்று தோற்கடித்துப் பதில் சொன்னார்கள். வில்ட் சேம்பர்லின் என்.பி.ஏ.வுக்கு வருமுன் ஓராண்டு அவர்களோடு ஆடினார். ரசிகர் பணம் கொடுத்து வருகிறார். அவரை மகிழ்விப்பதும் வேலை என்ற எண்ணம் இந்த விளையாட்டின் இரத்தத்தில் அப்போதே கலந்துவிட்டது. இன்று அந்தக் களத்தில் சீண்டுபவரும் சீண்டப்படுபவரும் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பெரியவர்கள். இன்று சீண்டியவரை இன்னும் சில வாரங்களில் மீண்டும் சந்தித்துத் திருப்பிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆட்டம் முடிந்ததும் பலர் கட்டிப்பிடித்துச் சட்டையை மாற்றிக்கொள்கிறார்கள். மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிப் பேருந்து ஏறிப் போகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்த ‘திருப்பிக் கொடுத்தல்’ எங்கே இருக்கிறது?

இதில் உங்கள் மகள் தேர்ந்தெடுத்த சைகைதான் எனக்கு உறுத்துகிறது. விரலாட்டுவதும் தூங்கச் சொல்வதும் ‘நான் போட்டுவிட்டேன், ஆட்டம் முடிந்தது’ என்ற அளவில் நிற்கின்றன. தரையை நோக்கிக் கையைத் தாழ்த்துவது அந்தப் பெண்ணின் உடலைப் பற்றியது. அவள் நாளைக்குக் கூடுதலாக ஆயிரம் முறை எறிந்து பயிற்சி செய்யலாம், வேகமாக ஓடக் கற்கலாம். ஆனால் உயரத்தை அவளால் வளர்த்துக்கொள்ள முடியாது. என்.பி.ஏ.வில் இதே சைகை செய்யப்படும்போது எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஆறடிக்கு மேல் உயரமானவர்; அதனால் அங்கே அது ஒரு வேடிக்கை. இங்கே குள்ளமான பெண்ணிடம் குள்ளம் என்று காட்டியதில் வேடிக்கை எதுவும் இல்லை. ‘உன் உயரத்தையோ நிறத்தையோ சொல்லி யாராவது இப்படிச் செய்தால் உனக்கு எப்படி இருக்கும்’ என்ற கேள்வியை நீங்கள் கேட்டால் போதும். பதில் வரும்வரை நீங்கள் பேச வேண்டாம்.

உங்கள் மாமனார் சொன்னதில் ‘பெண் பிள்ளைக்கு’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. 2023 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கல்லூரி மகளிர் இறுதியாட்டத்தில் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணி அயோவா பல்கலைக்கழக அணியை 102–85 என்று வென்றபோது, அதன் வீராங்கனை ஏஞ்சல் ரீஸ் தம் முகத்துக்கு முன்னால் கையை அசைத்து, ‘உன்னால் என்னைப் பார்க்கக்கூட முடியாது’ என்ற சைகையை அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்கை நோக்கிக் காட்டினார். அதே தொடரின் முந்தைய ஆட்டம் ஒன்றில் அதே சைகையைக் காட்டியவர் கிளார்க். அவர் செய்தபோது துணிச்சல் என்று ரசித்தவர்களில் பலரே, கறுப்பினப் பெண்ணான ரீஸ் செய்தபோது வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ரீஸைக் குறை சொல்வது சரியில்லை என்று கிளார்க்கே வெளிப்படையாகச் சொன்னார். இருவரும் இன்று மகளிர் தொழில்முறை லீக்கில் ஆடுகிறார்கள். என் அளவுகோலில் ரீஸ் செய்தது எதிராளியின் முகத்துக்கு நேரே செய்த சீண்டல்தான். ஆனால் ஓர் ஆண் அதைச் செய்திருந்தால் ஒரு வாரம் தேசிய விவாதம் நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. உங்கள் மகளைக் கண்டிப்பதென்றால், ஓர் அண்ணனோ தம்பியோ அதே தவறைச் செய்திருந்தால் எவ்வளவு கண்டிப்பீர்களோ அவ்வளவே கண்டியுங்கள்.

‘பண்பு, பண்பு என்கிறார்களே, அது எங்கே எழுதியிருக்கிறது’ என்று அவள் கேட்டால், சில எழுதியிருக்கின்றன, சில எழுதப்படவில்லை, எழுதப்படாதவை காலத்துக்கேற்ப மாறுகின்றன என்று சொல்லுங்கள். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசி வினாடிகளில், முன்னிலையில் இருக்கும் அணி மேலும் கூடை போடாமல் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது என்.பி.ஏ.வில் நெடுங்கால வழக்கம்; 2017-இல் கோல்டன் ஸ்டேட்டின் ஜவேல் மெக்கீ அதை மீறி எறிந்ததற்காகக் களத்திலேயே தள்ளுமுள்ளு நடந்தது. ஆனால் 2023-இல் தொடங்கிய புதிய கோப்பைப் போட்டியில், அணிகள் சமநிலையில் இருந்தால் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுப்பது என்று விதி வந்தது. உடனே பாஸ்டன் அணி, சிகாகோவை முப்பது புள்ளிகள் அளவுக்கு முந்திக்கொண்டிருந்த நிலையிலும், ஃப்ரீ த்ரோவில் தடுமாறும் எதிரணி வீரரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து வித்தியாசத்தைப் பெருக்கப் பார்த்தது. சிகாகோவின் பயிற்சியாளர் பில்லி டோனவன் அதை வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். விதிப்படி பாஸ்டன் செய்தது சரி. ஆனாலும் அந்த வீரரை எல்லார் முன்னிலையிலும் அப்படி நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளி ஆட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு நடைமுறை விஷயம். என்.பி.ஏ.வில் ஒரு வீரர் ஆறு ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும். டெக்னிக்கல் ஃபவுல் அந்த ஆறில் சேராது. நம் ஊரில் ஆடப்படும் சர்வதேச விதிகளில் எல்லை ஐந்து. டெக்னிக்கல் ஃபவுலும் அந்த ஐந்தில் சேரும், அணியின் ஃபவுல் கணக்கிலும் ஏறும். ஸ்கோர் ஷீட்டில் அவள் பெயருக்கு நேரே ‘டி’ என்று எழுதிய அந்தக் கட்டம், அவள் தடுப்பாட்டத்துக்குப் பயன்பட வேண்டிய ஒரு ஃபவுலைத் தின்றுவிட்டது. இதைத் தவிர, கூடை விழுந்ததும் எதிரணிப் பெண் பந்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே கால் வைத்து, உள்ளே வீச இரண்டு நொடிகூட ஆகாது. அந்த இரண்டு நொடியும் உங்கள் மகள் குனிந்து கையைத் தாழ்த்திக்கொண்டிருந்தால், மறுமுனையில் அவள் அணி ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேராக நிற்கும். அறிவுரை எதுவும் ஏறாத பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு ஏறும் என்பதைப் பயிற்சியாளனாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தன்னம்பிக்கை போய்விடுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஐந்து முறை வாகை சூடிய டிம் டங்கனைப்போல் முகத்தில் எதையும் காட்டாமல் ஆடு என்று அவளிடம் சொல்லாதீர்கள்; அது அவர் இயல்பு, அவளுக்கு அது வராது. கொண்டாடும் பிள்ளை கொண்டாடட்டும். 1992 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், முதல் பாதியிலேயே ஆறு மூன்று புள்ளி எறிதல்களைப் போட்ட மைக்கேல் ஜோர்டன், வர்ணனையாளர் மேசையின் பக்கம் திரும்பி, ‘எனக்கே புரியவில்லை’ என்பதுபோல் தோளைக் குலுக்கினார். அதைவிடப் பெரிய பந்தா உலகத்தில் இல்லை. ஆனால் எதிரணியான போர்ட்லாந்தின் வீரர் ஒருவர்கூட அதில் அவமானப்பட வேண்டியிருக்கவில்லை. அவளுக்கென்று ஒரு சைகையை அவளே கண்டுபிடிக்கட்டும், அதைத் தன் பெஞ்சையோ பார்வையாளர்களையோ பார்த்துச் செய்யட்டும், ஓடிக்கொண்டே செய்யட்டும்.

செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணிடம் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை நீங்கள் கேட்கக் கூடாது, பி.இ.டி. ஆசிரியர் கடிதம் எழுதியும் கேட்கக் கூடாது. இரண்டு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒருவரையொருவர் நிச்சயம் தெரிந்திருக்கும். அடுத்த போட்டியில் இரு அணிகளும் ஒரே மைதானத்தில் இருக்கும் நாளில் இரண்டு நிமிடம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ‘அன்றைக்கு நான் செய்தது தப்பு’ என்ற ஒரு வாக்கியம் போதும்; ‘ஆனால்’ என்று ஆரம்பிக்கும் இரண்டாவது வாக்கியம் வேண்டாம் என்று மட்டும் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் போகட்டும். அது அவள் உரிமை. செல்போனில் அதைப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள்.

பி.இ.டி. ஆசிரியரிடம் நீங்கள் போய்ப் பேசுவதாக இருந்தால், தண்டனையை எதிர்த்துப் பேசாதீர்கள். அவளை எப்போது மீண்டும் களமிறக்குவார் என்ற தேதியை மட்டும் கேளுங்கள். காலவரையின்றி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட ஆட்டக்காரி தன் தவறைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, ஆசிரியரின் தவறைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவாள்; அந்த நிலைக்கு விட்டால் அதன்பின் யார் சொல்வதும் அவள் காதில் விழாது.